பழைய டீசல் பென்ஸ்: ஆயில் ஈரமும் 4 கிலோமீட்டர் ஓட்டமும்

கேள்வி: 2007 மெர்சிடிஸ் பென்ஸ் இ 280 சிடிஐ ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. மீட்டரில் 1,42,000 கிலோமீட்டர். ஓட்டிப் பார்த்தேன், அலுங்காமல் குலுங்காமல் போகிறது. லிஃப்டில் ஏற்றிப் பார்த்தபோது இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் ஈரம் இருந்தது. “ரியர் ஆயில் சீல்தான், பார்த்துக்கொள்ளலாம்” என்றார் கூட வந்த மெக்கானிக். கியர்பாக்ஸ் ஆயிலை ஆயுசுக்கும் மாற்ற வேண்டாம் என்கிறார் விற்பவர். இந்த மாடலில் பிரேக் தொல்லை உண்டு என்றும் கேள்விப்பட்டேன். எனக்குத் தினசரி ஓட்டம் வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு 4 கிலோமீட்டர், வெளியூர் எப்போதாவதுதான். வாங்கலாமா? வாங்கினால் எப்படிப் பராமரிப்பது?

பதில்: நல்ல கார். வாங்கலாம். ஆனால் பணம் கைமாறும் முன் இரண்டு விஷயம் தெளிவாக வேண்டும். அந்த ஆயில் எங்கிருந்து வருகிறது என்பது ஒன்று. உங்கள் தினசரி 4 கிலோமீட்டர் மற்றொன்று. இரண்டில் எனக்குக் கூடுதல் கவலை தருவது இரண்டாவதுதான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் இன்ஜின் எது என்று உறுதி செய்யுங்கள். இ 280 சிடிஐ என்ற ஒரே பெயரில் இரண்டு இன்ஜின்கள் வந்தன. 2005 வரை 3222 சிசி, ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்கும் ஓஎம்648. அதன் பிறகு 2987 சிசி வி6, ஓஎம்642. ஆர்சி புத்தகத்தில் உள்ள இன்ஜின் நம்பர் 642 என்று தொடங்கினால் வி6. 2007 வண்டி என்பதால் உங்களுடையது அதுவாகத்தான் இருக்கும். இனி நான் சொல்வதெல்லாம் அந்த இன்ஜினுக்கு.

இந்த வி6-ல் ஆயில் கூலர் வெளியே எங்கும் தொங்குவதில்லை. இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில், டர்போவுக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்கும் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் குழாய்த் தொகுதி) அடியில் படுத்திருக்கிறது. இன்ஜினிலேயே அதிகம் வெந்துகொண்டிருக்கும் இடம் அது. தொழிற்சாலையில் போட்ட ஆரஞ்சு நிற சீல்கள் அந்தச் சூட்டில் வருடக்கணக்கில் வெந்து, ரப்பர் தன்மை போய், கட்டியாகிவிடும். ஆயில் மெல்லக் கசிந்து பள்ளத்தில் தேங்கும். தேங்கியது பின்பக்கம் வழிந்து, இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் பெல் ஹவுசிங் என்ற கூட்டின் வழியாகக் கீழே சொட்டும். கீழிருந்து பார்க்கிறவருக்கு ரியர் ஆயில் சீல் (கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் ஆயிலைத் தடுக்கும் வளையம்) கசிவது போலவே தெரியும். உங்கள் மெக்கானிக்கைக் குறை சொல்ல முடியாது. பெரும்பாலான இன்ஜின்களில் அந்த இடத்து ஈரத்துக்கு அர்த்தம் அதுதான். இந்த இன்ஜினில் முதல் சந்தேகம் ஆயில் கூலர் மேல் விழ வேண்டும். தெரியாமல் கியர்பாக்ஸை இறக்கி ரியர் சீலை மாற்றி, எல்லாவற்றையும் பூட்டி முடித்த மறுவாரமே அதே இடத்தில் மறுபடி சொட்டுவதைப் பார்க்க நேர்ந்தவர்கள் பலர்.

பிரித்தறிவது எளிது. இன்ஜின் மேல் உள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றுங்கள். மெல்லிய எண்டோஸ்கோப் கேமராவை டர்போவின் பின்னால் பள்ளத்துக்குள் இறக்கிப் பாருங்கள். பள்ளத்தில் ஆயில் குளம் கட்டியிருந்தால் கசிவு மேலே. பள்ளம் காய்ந்திருந்து கீழே மட்டும் ஈரம் என்றால் ரியர் சீலைச் சந்தேகிக்கலாம். இன்ஜினைப் பளபளவென்று கழுவி வைத்திருந்தால் கேமரா உதவாது. அப்போது ஆயிலில் யுவி சாயம் கலந்து நூறு கிலோமீட்டர் ஓட்டி, நீல விளக்கில் தடம் பார்க்க வேண்டும். விற்பனைக்கு வந்த வண்டியின் இன்ஜின் கழுவித் துடைத்திருந்தால் அதையே ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கூலர் சீல்தான் என்று தெரிந்தால் வண்டியைக் கைவிட வேண்டியதில்லை. சீல் மலிவு, கூலி கனம். டர்போ, இன்டேக் மேனிஃபோல்ட் எல்லாம் வெளியே வர வேண்டும். பழகிய கைக்கே ஒன்றரை, இரண்டு நாள் வேலை. அந்தக் கூலியை விலையில் குறைத்துப் பேசுங்கள். மாற்றும்போது ஆரஞ்சு சீலையே திரும்பப் போட விடாதீர்கள். பின்னால் வந்த ஊதா நிற விட்டான் சீல் சூடு தாங்கும், அதுதான் வேண்டும். கூலரைக் கையில் எடுத்ததும் அதன் உட்புறமும் கசிகிறதா என்று காற்றழுத்தம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். சீல் உட்காரும் அலுமினியப் பரப்பைக் கூரான எதனாலும் சுரண்டக் கூடாது. கீறல் விழுந்தால் புது சீலும் கசியும்.

இவ்வளவு பிரித்த பிறகு அங்கே கைக்கு எட்டும் மற்ற வேலைகளையும் முடிக்காமல் மூடுவது பெரிய நஷ்டம். டர்போவுக்குள் காற்று நுழையும் வாயில் ஒரு ரப்பர் சீல் உண்டு. இன்ஜினின் பிரீதர் வழியே வரும் ஆயில் ஆவி அங்கே படிந்து, சீல் இறுகியதும் சொட்டுச் சொட்டாகக் கீழே விழும். அது நேராக விழும் இடத்தில் இருப்பது இன்டேக் மேனிஃபோல்டின் ஸ்வர்ல் ஃபிளாப் மோட்டார். உள்ளே போகும் காற்றைச் சுழலவைக்கும் சிறு தகடுகளைத் திருப்புவது அது. ஆயில் உள்ளே புகுந்து மோட்டார் கெட்டால் இன்ஜின் விளக்கு எரிந்து, பிக்கப் போய், வண்டி தவழும். ஆகவே அந்தச் சின்ன சீல் அவசியம் மாற வேண்டும். மோட்டாரில் ஆயில் ஏறியிருந்தால் மோட்டாரும் சேர்த்து. மேனிஃபோல்டைக் கழற்றியதும் உள்ளே கரி எவ்வளவு படிந்திருக்கிறது என்று பாருங்கள். ஃபிளாப்களை விரலால் அசைத்தால் தடையில்லாமல் திரும்ப வேண்டும். இறுகி நின்றால் புது மோட்டார் போட்டும் பயனில்லை. இன்னொன்று: சில வண்டிகளில் மோட்டார் கெட்டதும் அதன் வயர் பிளக்கைக் கழற்றி, முனையில் சின்ன ரெசிஸ்டர் ஒன்றைச் செருகி கம்ப்யூட்டரை ஏமாற்றி வைத்திருப்பார்கள். பிளக் முனையில் டேப் சுற்றிய முடிச்சு தெரிந்தால் அந்த வண்டிக்கு வேறு எங்கெல்லாம் இப்படிச் சமாளிப்பு நடந்திருக்கிறது என்று தேடத் தொடங்குங்கள்.

மூடி கழன்றிருக்கும்போதே ஆறு இன்ஜெக்டர்களின் அடியையும் டார்ச் அடித்துப் பாருங்கள். தார் மாதிரி கறுப்பாக, கெட்டியாகப் படிந்திருந்தால் அந்த இன்ஜெக்டரின் செம்பு வாஷர் அடைப்பு விட்டிருக்கிறது. எரிந்த வாயு மேலே பீறிட்டு டீசலோடு சேர்ந்து சுட்டுக் கெட்டிப்பட்ட கரி அது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ‘ச்சுக் ச்சுக்’ என்று சத்தமும், ஏசி போட்டால் உள்ளே புகை வாடையும் வரும். ஆரம்பத்திலேயே பிடித்தால் இன்ஜெக்டரைக் கழற்றி, உட்காரும் இடத்தைத் தகுந்த ரீமரால் சுத்தம் செய்து, புது செம்பு வாஷர், புது போல்ட் போட்டு முடிக்கலாம். போல்ட் ஒருமுறை இழுபட்டால் நீளும் வகை. பழையதையே திரும்பப் போடக் கூடாது. டார்க் ரெஞ்சில் அளவு வைத்து, பிறகு கோணம் பார்த்து இறுக்க வேண்டும். கை மதிப்பில் இறுக்கினால் ஹெட்டின் மறை போய்விடும். கவனிக்காமல் வருடக்கணக்கில் விட்ட வண்டியில் இன்ஜெக்டர் தாருக்குள் புதைந்து, இழுக்க வராது.

காலையில் போய்ப் பாருங்கள். முன்னிரவே “வண்டியை ஸ்டார்ட் செய்து வைக்காதீர்கள்” என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் பார்வையை இன்னொரு நாளுக்குத் தள்ளிவைக்கலாம். குளிர்ந்த இன்ஜின் ஓரிரு விநாடியில் பிடித்து, ஆறு சிலிண்டரும் சமமாக ஓட வேண்டும். முதல் நிமிடம் மிஸ்ஸிங்கோடு ஆடிப் பிறகு சரியானால் குளிர்ந்த சிலிண்டரைச் சூடாக்கும் க்ளோ பிளக் ஒன்றிரண்டு போயிருக்கலாம். நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் ஐடிலில் ஸ்டியரிங்கும் சீட்டும் அதிர்ந்தால் இன்ஜின் மவுண்டைப் பாருங்கள். உள்ளே திரவம் நிரப்பிய வகை, வயதானால் அமுங்கிப்போகும்.

அடுத்தது ஸ்கேன். பென்ஸுக்கு உரிய கருவி வேண்டும். பொதுவான ஓபிடி ஸ்கேனர் இன்ஜினை மட்டும் மேலோட்டமாகப் படிக்கும். இன்ஜின் கன்ட்ரோல் யூனிட்டில் ஆறு சிலிண்டருக்குமான திருத்த அளவுகளை (ஓட்டம் சமமாக இருக்க ஒவ்வொன்றுக்கும் டீசலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) பாருங்கள். எல்லாம் பூஜ்யத்தை ஒட்டி இருந்து ஒன்று மட்டும் விலகி நின்றால் அந்த இன்ஜெக்டரில் வேலை இருக்கிறது. புகையில் உள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டியான டிபிஎஃப்பில் கரியும் சாம்பலும் எவ்வளவு என்றும் பார்க்கலாம். மீட்டரில் காட்டும் கிலோமீட்டரை நம்பலாமா என்பதற்கும் விடை இங்கேதான். பதிவான பழுதுகளோடு அவை எந்தக் கிலோமீட்டரில் வந்தன என்பதும் சேமிப்பில் இருக்கும். மீட்டர் 1,42,000 காட்டும்போது ஏதோ ஒரு யூனிட்டில் 2,10,000-ல் வந்த பழுது பதிவாகியிருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்தலாம். பழுதே பதிவில்லாமல் எல்லா யூனிட்டும் துடைத்துவைத்தது போல் இருந்தாலும் எச்சரிக்கை வேண்டும். ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி படியுங்கள். பழுது இருந்தால் திரும்பி வரும்.

கியர்பாக்ஸ் ஆயில் ஆயுசுக்கும் மாற்ற வேண்டாம் என்ற பேச்சை நம்ப வேண்டாம். யாருடைய ஆயுசுக்கு என்பதுதான் கேள்வி. 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். பழைய ரசீது இல்லையென்றால் வாங்கியதும் மாற்றுங்கள். உங்கள் வண்டியில் இருப்பது அநேகமாக ஏழு கியர் 7ஜி-ட்ரானிக், 722.9. இந்தத் தலைமுறைக்கு எம்பி (மெர்சிடிஸ் பென்ஸின் தர எண்) 236.14 தர ஆயில். பின்னால் வந்த நீல நிற ஆயிலை இதில் கலக்கக் கூடாது. மொத்தக் கொள்ளளவு சுமார் 9 லிட்டர். கியர்பாக்ஸின் அடித்தட்டான ஆயில் பான் மட்டும் இறக்கினால் பாதிக்குச் சற்று மேல்தான் வெளியேறும். அளவு பார்ப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, ஆயில் 45 டிகிரிக்கு வரும்போது, பானில் உள்ள வழிகுழாயிலிருந்து மெல்லிய இழையாக ஆயில் சொட்டும் நிலையே சரியான அளவு. சூட்டை ஸ்கேனரில் பார்க்க வேண்டும். வெறும் கண்ணளவில் ஊற்றினால் கூடவோ குறையவோ போய் கியர் அடித்து விழும்.

ஓட்டிப் பார்க்கும்போது 50-லிருந்து 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்து நிதானமாகப் போங்கள். சாலையில் வரிக்கோடு மேல் ஏறியது போல் சின்ன நடுக்கம் வந்தால் இன்ஜினின் விசையைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரின் கிளட்ச் பக்கம் பார்க்க வேண்டும். ஆயில் மாற்றினால் சில சமயம் சரியாகும், சில சமயம் ஆகாது. ஒரே கியரில் மாட்டிக்கொண்டு மேலே ஏறாமல் போனால், கியர்பாக்ஸுக்குள்ளேயே இருக்கும் கன்ட்ரோல் பிளேட்டின் ஸ்பீடு சென்சார் பழுதாக இருக்கலாம். அந்தப் பிளேட்டை வாங்கிப் போட்டால் மட்டும் ஓடாது, வண்டியின் நம்பரோடு கோடிங் செய்ய வேண்டும். செகண்டு ஹாண்டில் வாங்கி மாட்டி ஏமாறாதீர்கள்.

பிரேக் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. அது 2006 நடுவில் மாடல் புதுப்பிக்கப்படும் முன் வந்த வண்டிகளின் எஸ்பிசி எலெக்ட்ரோ-ஹைட்ராலிக் பிரேக், அதாவது கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பம்ப் அழுத்தம் கொடுக்கும் பிரேக். அதன் யூனிட் மிதிக்கும் ஒவ்வொரு முறையையும் எண்ணிவைத்து, வரம்பு எட்டியதும் பணிமனைக்கு வரச்சொல்லி எச்சரிக்கும். புதுப்பித்த மாடலில் வழக்கமான பிரேக் திரும்பிவிட்டது. ஆனால் 2007-ல் பதிவான வண்டி 2006 தொடக்கத்தில் தயாரானதாகவும் இருக்கலாம். பானெட்டைத் திறந்து ஓட்டுநர் பக்கம் ஃபயர்வாலில் வட்டமான கறுப்பு வேக்கம் பூஸ்டர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கவலையில்லை. இல்லாமல், கதவு திறந்ததும் முன்னாலிருந்து பம்ப் முனகும் சத்தம் கேட்டால் எஸ்பிசி. அப்படிப்பட்ட வண்டியில் யாரும் சாதாரண வண்டிபோல் பிரேக் பேட் மாற்றக் கூடாது. ஸ்கேனரில் அமைப்பை முடக்கிவிட்டுத்தான் கேலிபரில் கை வைக்க வேண்டும். இல்லையென்றால் அது தானாக அழுத்தம் ஏற்றிப் பிஸ்டனைத் தள்ளும்; இடையில் விரல் இருந்தால் நசுங்கும்.

ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டியா என்றும் பாருங்கள். இருந்தால் இரவு நிறுத்தியபோது நான்கு சக்கரத்திலும் சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதிக்கொண்டு, காலையில் மறுபடி அளக்கச் சொல்லுங்கள். ஒரு மூலை மட்டும் தாழ்ந்திருந்தால் அந்த ஸ்ட்ரட்டின் ரப்பரில் வெடிப்பு. அதை விட்டுவைத்தால் கசிவை ஈடுகட்ட ஓடி ஓடியே கம்ப்ரஸரும் எரிந்துபோகும். சாதா ஸ்பிரிங் என்றால் செலவு குறைவு; ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று ஒடிந்திருக்கிறதா, லோயர் ஆர்ம் புஷ் கிழிந்திருக்கிறதா, ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் ரப்பர் கப்ளிங்கில் வெடிப்பு உண்டா என்று பார்த்தால் போதும். டிக்கித் தரையைத் தூக்கி, பேட்டரி இருக்கும் குழியில் தண்ணீர் நின்ற தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அங்கே ஈரம் ஏறினால் பின்பக்க எலெக்ட்ரானிக்ஸ் கோளாறு அடுத்தடுத்து வரும்.

இனி அந்த 4 கிலோமீட்டர். இந்த இன்ஜினில் 8 லிட்டருக்கு மேல் ஆயிலும் அதற்கேற்ற கூலன்ட்டும் உண்டு. நீங்கள் அலுவலக வாசலில் நிறுத்தும்போதும் அது முழுச் சூட்டுக்கு வந்திருக்காது. டிபிஎஃப்பில் சேரும் கரி எரிய ஏறத்தாழ 550-லிருந்து 600 டிகிரி வேண்டும். ஊருக்குள் ஓடும் டீசலின் புகை அந்தச் சூட்டை எட்டுவதில்லை. அதனால் கரி ஓரளவு சேர்ந்ததும் இன்ஜின் தானே கொஞ்சம் டீசலைத் தாமதமாகப் பீய்ச்சிப் புகையின் சூட்டை ஏற்றும். இது முடிய 15, 20 நிமிடம் நிதானமான ஓட்டம் வேண்டும். நீங்கள் ஐந்தாவது நிமிடம் சாவியைத் திருப்பினால் வேலை பாதியில் நிற்கும். கரியும் எரியாது, எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஆயிலில் கலக்கும். ஆயில் அளவு குறையாமல் ஏறுவதைப் பார்த்து “ஆயிலே குடிக்காத வண்டி” என்று மகிழ்ந்தவர்கள் பேரிங் போன பிறகுதான் காரணம் அறிகிறார்கள். ஆயில் மேல் கோட்டைத் தாண்டி டீசல் வாடை அடித்தால் ஓட்டாதீர்கள், உடனே மாற்றுங்கள்.

ஆகவே வாரம் ஒருமுறையாவது நாற்பது நிமிடம், சூடான பிறகு 80-க்கு மேல் சீரான வேகத்தில் போக உங்களுக்கு வழி இருக்கிறதா? இருந்தால் இந்தக் காரை வாங்குங்கள். இல்லையென்றால் உங்கள் ஓட்டத்துக்கு டீசல் பொருந்தாது, பெட்ரோல் பாருங்கள். (இதே காரின் தொடக்க கால வி6 பெட்ரோலில் பேலன்ஸ் ஷாஃப்ட் பல்சக்கரம் தேயும் என்பதால் இன்ஜின் நம்பரைச் சரிபார்த்தே வாங்க வேண்டும்.) டிபிஎஃப்பைக் குடைந்து வெறும் குழாயாக்கி ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது பல நாடுகளில் குற்றம். வெளியேறும் கரியைச் சுவாசிக்கிறவர்கள் தெருவில் நடக்கும் குழந்தைகள்.

டிபிஎஃப் அடிக்கடி அடைத்தால் தெர்மோஸ்டாட்டையும் சந்தேகியுங்கள். அது திறந்தபடியே நின்றுவிட்டால் கூலன்ட் சூடேறாது. சூடேறாத இன்ஜின் கரியை எரிக்கும் வேலையைத் தொடங்காது. நெடுஞ்சாலையில் சூட்டு முள் 80-க்கும் 90-க்கும் நடுவே நிற்காமல் 70-க்குக் கீழே இறங்கினால் அதுதான்.

வாங்கியதும் பழைய ரசீதுகளை வைத்துக் கணக்குப் பார்க்காமல் எல்லாத் திரவமும் புதிதாக்குங்கள். டிபிஎஃப் உள்ள இன்ஜினுக்கு ஆயில் எம்பி 229.51 தரம், சுமார் 8.5 லிட்டர். டின்னில் வெறும் 5டபிள்யூ-30 என்று போட்டிருந்தால் போதாது, 229.51 என்ற எண் அச்சாகியிருக்க வேண்டும். மற்ற ஆயில் எரிந்து விடும் சாம்பல் டிபிஎஃப்பில் நிரந்தரமாகத் தங்கிவிடும். கரி மாதிரி அதை எரிக்க முடியாது. ஃபில்டர் மூடிக்கு 25 நியூட்டன் மீட்டர். அதற்கு மேல் இறுக்கினால் பிளாஸ்டிக் விரியும். 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முந்துகிறதோ அப்போது மாற்றுங்கள். கையேட்டில் இன்னும் நீண்ட இடைவெளி இருக்கும்; வயதான, ஊருக்குள் ஓடும் இன்ஜினுக்கு அது வேண்டாம். டீசல் ஃபில்டர் 30,000-க்கு ஒருமுறை. கூலன்ட் எம்பி 325.0 தரம், காய்ச்சி வடித்த தண்ணீரோடு பாதிக்குப் பாதி. க்ளோ பிளக் கழற்ற வேண்டி வந்தால் இன்ஜின் சூடாக இருக்கும்போது, முந்தின நாளே ஊடுருவும் எண்ணெய் விட்டு ஊறவைத்து, கொஞ்சம் தளர்த்தி கொஞ்சம் இறுக்கி எடுக்க வேண்டும். முரட்டு பலம் கொடுத்தால் பாதி உடைந்து ஹெட்டுக்குள் நிற்கும்.

பேட்டரி டிக்கிக்குள் இருப்பதால் அமிலம் சிந்தாத ஏஜிஎம் வகையே போடுங்கள். இந்த வண்டிகளில் காரணம் புரியாத விளக்குகள் நாலைந்து ஒன்றாக எரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது பேட்டரி வோல்டேஜ்.

வாங்கும் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டு இறங்குங்கள். முதல் வருடத்தில் அது தேவைப்படும். கூலர் சீல், கியர்பாக்ஸ் ஆயில் எல்லாம் முடிந்து 1,000 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி லிஃப்டில் ஏற்றி இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் அதே இடத்தைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி காய்ந்து வந்தால், ஸ்கேனரில் சிலிண்டர் திருத்த அளவுகளையும் டிபிஎஃப் கரியையும் ஒரு தாளில் தேதியோடு எழுதி சர்வீஸ் புத்தகத்துக்குள் வையுங்கள். அடுத்த முறை ஒப்பிட அந்தத் தாள் வேண்டும்.